பைகளை எண்ணினால் போதுமா? வீட்டு டயாலிசிஸில் விடுபடும் கணக்கு

புது தில்லி: டயாலிசிஸ் என்ற சொல் இந்திய அரசியலுக்குப் புதியதல்ல. நெருக்கடி நிலையின்போது 1975-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அதிகாலையில் கைது செய்யப்பட்ட ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு, சண்டீகரில் காவலில் இருந்தபோதுதான் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அந்த ஆண்டு நவம்பரில் விடுவிக்கப்பட்ட அவர், 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி மறையும் வரை டயாலிசிஸ் சிகிச்சையின் துணையுடனேயே வாழ்ந்தார். ஜனதா கட்சி ஆட்சியைப் பிடித்ததும், அதே ஆட்சி கவிழ்ந்ததும் அந்த நான்கு ஆண்டுகளில்தான்.

அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக்கட்டத்தை அடைகின்றனர்; இதனால் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய தேவை எழுகிறது. நாட்டிலுள்ள சுமார் 4,950 மையங்களால் தேவையில் பாதியைத்தான் நிறைவு செய்ய முடிகிறது. ஒரு முறைக்கு ரூ. 2,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்கும் மேல் செலவாகிறது என்று அவர் அவையில் பட்டியலிட்டார். அதே ஆண்டு நவம்பரில், தாம் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவதாக வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாட்டுக்குத் தெரிவித்தார். திட்டத்தை அறிவித்த ஜேட்லியும் 2018-ஆம் ஆண்டு அதே நோயாளிகளின் வரிசையில் நின்றார். இருவருக்கும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இருவரும் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மறைந்தனர்.

திட்டம் வளர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி நிலவரப்படி, எல்லா மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து, சுமார் 750 மாவட்டங்களில் 1,700 மையங்கள் இத்திட்டத்தின் கீழ் இயங்கின. மருத்துவமனைக்கு வந்து போக இயலாதவர்களை மனத்தில் கொண்டு, வீட்டிலேயே செய்துகொள்ளும் "பெரிடோனியல் டயாலிசிஸ்" முறைக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஆனால், நாடாளுமன்றத்தில் இத்திட்டம் குறித்து எழுப்பப்படும் வினாக்களும் அவற்றுக்கு அளிக்கப்படும் விடைகளும் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே அமைகின்றன. எத்தனை மாவட்டங்கள், எத்தனை மையங்கள், எத்தனை கருவிகள், எத்தனை பயனாளிகள் என்பவையே அந்த எண்ணிக்கைகள். அளிக்கப்படும் டயாலிசிஸ் நோயாளியின் உடலுக்குப் போதுமானதாக இருக்கிறதா என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. மருத்துவமனையில் செவிலியரின் கண் முன்னே நடக்கும் சிகிச்சைக்கே இக்கேள்வி அவசியம் என்றால், யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நடக்கும் பெரிடோனியல் டயாலிசிஸுக்கு அது இன்னும் அவசியம்.

வயிறே வடிகட்டி: மருத்துவமனை டயாலிசிஸில் ரத்தம் உடலுக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, கருவியில் தூய்மைப்படுத்தப்பட்டு மீண்டும் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. பெரிடோனியல் டயாலிசிஸில் ரத்தம் வெளியே வருவதில்லை. வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வே வடிகட்டியாகப் பயன்படுகிறது. வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட மென்குழாய் வழியே, குளுக்கோஸ் கலந்த இரண்டு லிட்டர் திரவம் பையிலிருந்து உள்ளே விடப்படுகிறது. அது சில மணி நேரம் வயிற்றில் தங்கும்போது, சவ்வின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் இருந்து யூரியா, கிரியேட்டினின் உள்ளிட்ட கழிவுகள் திரவத்துக்குள் இறங்குகின்றன. குளுக்கோஸின் ஈர்ப்பால் உடலில் தேங்கிய உபரி நீரும் வெளிவருகிறது. பிறகு அதை வடித்துவிட்டுப் புதிய திரவம் நிரப்பப்படுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் போபோவிச், மருத்துவர் ஜாக் மான்கிரீஃப் ஆகியோர் 1970-களின் நடுப்பகுதியில் வகுத்த முறை இது. இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில் இது அறிமுகமானது. மின்சாரமோ, பெரிய கருவியோ, வாரம் மூன்று நாள் பயணமோ தேவையில்லை என்பது இதன் பெருஞ்சிறப்பு. இதனாலேயே ஹாங்காங் 1985-ஆம் ஆண்டு முதல் இம்முறைக்கு முன்னுரிமை அளித்தது. தாய்லாந்து 2008-ஆம் ஆண்டு தனது அனைவருக்குமான சுகாதாரத் திட்டத்தில் இதையே முதல் சிகிச்சையாக ஏற்றது. இமாசலத்தின் மலைக் கிராமத்துக்கோ, வடகிழக்கின் ஆற்றுத் தீவுக்கோ இதைவிடப் பொருத்தமான சிகிச்சை இருக்க முடியாது என்ற வாதம் வலுவானது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டு, பேருந்தும் ரயிலும் நின்றபோது அந்த வாதம் மேலும் வலுப்பெற்றது.

மூன்று பைகள், மூன்று விடைகள்: நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை பைகள் தேவை? நான்கு பைகள் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இந்தியாவில் செலவு காரணமாக மூன்று பைகள் என்பதே பரவலான வழக்கம். ஒரு பையைக் குறைத்தால் மாதத்துக்கு முப்பது பைகள் மிச்சம். பைச் செலவில் நான்கில் ஒரு பங்கு மிச்சம். சொந்தப் பணத்தில் பை வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல.

மூன்று பைகள் போதுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. இதைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் அளவுகோல் "கேடி/வி" எனப்படுகிறது. ஒரு வாரத்தில் யூரியா முழுவதும் நீக்கப்பட்ட திரவத்தின் அளவை, உடலில் உள்ள மொத்த நீரின் அளவால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வாரத்துக்கு 1.7 என்பது குறைந்தபட்ச இலக்காக 2006-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது.

எடுத்துக்காட்டாக, 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் எடையில் பாதி, அதாவது 22.5 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். மூன்று பைகளில் 6 லிட்டர் உள்ளே சென்று, உபரி நீரும் சேர்ந்து 6.8 லிட்டர் வெளியே வருகிறது. வடியும் திரவத்தில் யூரியாவின் செறிவு ரத்தத்தில் இருப்பதில் 90 சதவீதம் என்றால், நாளொன்றுக்குத் தூய்மையாவது 6.12 லிட்டர், வாரத்துக்கு ஏறத்தாழ 43 லிட்டர். அதை 22.5-ஆல் வகுத்தால் 1.9. அவருக்கு மூன்று பைகள் போதும்.

அதே மூன்று பைகள் 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு அளிக்கப்படுகின்றன. அவர் உடலில் உள்ள நீர் 36 லிட்டர். கணக்கு 1.19-இல் நின்றுவிடுகிறது. இலக்கில் ஏறத்தாழ 30 சதவீதம் அவருக்குக் கிடைக்கவில்லை. நான்காவது பையைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 1.6-ஐத்தான் எட்ட முடியும்.

ஆனால், அதே ஆணின் சொந்தச் சிறுநீரகங்கள் முழுமையாக நின்றுவிடாமல் நிமிடத்துக்கு 3 மில்லி லிட்டர் அளவுக்கு யூரியாவை நீக்கிக் கொண்டிருந்தால், வாரத்துக்கு மேலும் 30 லிட்டர் தூய்மையாகிறது. அப்போது மொத்தக் கணக்கு 2-ஐத் தாண்டுகிறது. மூன்று பைகளே போதுமானவையாகின்றன. பைகளின் எண்ணிக்கை மாறவில்லை. உடலும் எஞ்சிய சிறுநீரகத் திறனும் மாறியதால் விடை மாறுகிறது. எனவே, மூன்று பை என்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. அளந்து பார்க்காமல் மூன்று பை என்று முடிவு செய்வதுதான் தவறு.

சத்தமின்றி வரும் குறைபாடு: சிகிச்சை தொடங்கும்போது பலருக்கும் ஓரளவு சிறுநீர் வெளியேறிக் கொண்டிருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அது குறைகிறது. சிறுநீர் குறைவதற்கேற்பப் பைகள் கூட்டப்பட வேண்டும். கூட்டப்படாவிட்டால் உடலில் கழிவு மெல்ல மெல்லச் சேருகிறது. உணவு கசக்கிறது, குமட்டுகிறது, தோல் அரிக்கிறது, இரவில் உறக்கம் கெடுகிறது, கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றன. நோயாளியும் குடும்பத்தாரும் இதை நோயின் இயல்பு என்றோ, வயதின் தளர்ச்சி என்றோ எடுத்துக்கொள்கின்றனர். பை தவறாமல் மாற்றப்படுகிறது. அதனால் சிகிச்சை நடக்கிறது என்றே எல்லோரும் நம்புகின்றனர்.

ரத்தப் பரிசோதனையும் சில வேளைகளில் ஏமாற்றிவிடும். உடலில் யூரியா உருவாவது உண்ணும் புரதத்திலிருந்துதான். பசி குன்றிச் சரியாக உண்ணாதவரின் ரத்தத்தில் யூரியா குறைவாகவே தெரியும். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து நிலைமை நன்றாக இருப்பதாகக் கருதப்படும் நோயாளி, உண்மையில் போதிய டயாலிசிஸ் இன்றி ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்து கொண்டிருக்கலாம்.

ஆகவேதான், 24 மணி நேரம் வடிந்த திரவம் முழுவதையும், அதே நேரத்தில் வெளியான சிறுநீரையும் சேகரித்து அளந்து, ரத்த மாதிரியுடன் ஒப்பிடும் பரிசோதனை வகுக்கப்பட்டது. சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்திலும், பின்னர் நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறை. இதற்கென விலை உயர்ந்த கருவி தேவையில்லை. மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் அன்றாடம் செய்யப்படும் யூரியா, கிரியேட்டினின் பரிசோதனைகளே போதும். ஏழெட்டு லிட்டர் திரவத்தைப் பேருந்தில் சுமந்து வர வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு பையையும் வீட்டிலேயே எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு சிறு குப்பி மாதிரியை மட்டும் எடுத்து வந்தால் போதும். ஒரு பை விடுபட்டாலோ, சேகரிப்பு நேரம் தவறினாலோ முடிவு பிழையாகிவிடும் என்பதால், குடும்பத்தாருக்கு முறையாகச் சொல்லித்தர ஒரு செவிலியர் தேவை.

வேகமான சவ்வும் வினையாகும்: எல்லோருடைய பெரிடோனியமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இதை அறிய அமெரிக்க மருத்துவர் ஸ்பிலுட் ட்வர்டோவ்ஸ்கி 1987-ஆம் ஆண்டு ஒரு பரிசோதனையை வகுத்தளித்தார். இரண்டு லிட்டர் திரவத்தை நான்கு மணி நேரம் வயிற்றில் வைத்திருந்து, இடையிடையே மாதிரி எடுத்து, கிரியேட்டினின் எவ்வளவு விரைவாக ரத்தத்திலிருந்து திரவத்துக்கு வந்தது, குளுக்கோஸ் எவ்வளவு விரைவாக உடலுக்குள் சென்றது என்று பார்ப்பதே அது.

வேகமான சவ்வு நல்லது என்றே முதலில் தோன்றும். ஆனால், கழிவு வேகமாக வெளிவரும் அதே வழியில் குளுக்கோஸும் வேகமாக உடலுக்குள் போய்விடுகிறது. நீரை ஈர்க்க ஏதும் மிஞ்சாததால், வெளிவந்த நீர் மீண்டும் உடலுக்குள்ளேயே திரும்புகிறது. இத்தகையோருக்குக் குறுகிய நேரத் தங்கல்கள் தேவை. மந்தமான சவ்வு உள்ளவருக்கு நீண்ட நேரத் தங்கல்கள் தேவை. இதை அறியாமல் எல்லோருக்கும் ஒரே அட்டவணையை எழுதித் தந்தால், சிலருக்குக் கழிவு தேங்கும். சிலருக்கு நீர் தேங்கும்.

நீர்த் தேக்கம் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. சிறுநீர் முற்றிலும் நின்றுபோனவர்களை வைத்து ஐரோப்பிய நாடுகளில் நடத்தப்பட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 750 மில்லி லிட்டருக்கும் குறைவாக உபரி நீர் வெளியேறும் நிலையில் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. இதற்காகக் குளுக்கோஸ் செறிவு மிகுந்த பைகளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் நீரிழிவும் உடல் எடையும் கூடும். நாளடைவில் சவ்வும் பழுதடையும். கால் வீக்கம், ரத்த அழுத்தம், அன்றாட எடை ஆகியவற்றை நோயாளியே குறித்து வைப்பது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

ஒற்றை எண்ணின் எல்லை: அப்படியானால் 1.7 என்ற எண்ணை எட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மருத்துவ உலகமே ஒருகாலத்தில் அவ்வாறுதான் நம்பியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 680 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1996-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, எண் உயர உயர ஆயுள் கூடுவதாகக் கூறியது. அதையொட்டி 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இலக்கு 2 என நிர்ணயிக்கப்பட்டது. ஆனால், அதே தரவுகள் 2001-ஆம் ஆண்டு மறுபடியும் அலசப்பட்டபோது, ஆயுளைக் கூட்டியது பைகள் அல்ல, நோயாளிகளின் சொந்தச் சிறுநீரகங்களில் எஞ்சியிருந்த திறனே என்பது தெரியவந்தது. நாளொன்றுக்குச் சிறுநீர் 250 மில்லி லிட்டர் கூடுதலாக இருந்த ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைந்திருந்தது.

மெக்ஸிகோவில் 965 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002-ஆம் ஆண்டு வெளியான ஆய்வும், ஹாங்காங்கில் 320 பேரிடம் நடத்தப்பட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் இதை உறுதி செய்தன. பைகளைக் கூட்டி எண்ணை மேலும் உயர்த்தியதால் ஆயுள் கூடவில்லை. அதே வேளையில், ஹாங்காங் ஆய்வில் 1.7-க்கும் கீழே இருந்த பிரிவினருக்கு ரத்தசோகை மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது. அவர்களில் கூடுதலானோரை, டயாலிசிஸ் போதவில்லை என்று மருத்துவர்களே ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

இந்த அனுபவங்களுக்குப் பின்னரே, பன்னாட்டுப் பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில் ஒற்றை எண்ணைத் துரத்தும் போக்கைக் கைவிட்டது. நோயாளி எப்படி உணர்கிறார், உண்கிறாரா, உறங்குகிறாரா, வேலைக்குச் செல்ல முடிகிறதா, உடலில் நீர் தேங்குகிறதா, எஞ்சிய சிறுநீரகத் திறன் காக்கப்படுகிறதா, கழிவு நீக்கத்தின் அளவு என்ன என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே சிகிச்சை போதுமானதா என முடிவு செய்ய வேண்டும்; நோயாளியின் விருப்பமும் அதில் இடம்பெற வேண்டும் என்பது அதன் சாரம். பெரிடோனியத் தொற்று ஒருவருக்கு ஆண்டுக்கு 0.4 முறைக்கு மேல் போகக் கூடாது என்று அதே சங்கம் 2022-ஆம் ஆண்டு வரையறுத்தது. வடியும் திரவம் கலங்கலாகத் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

எஞ்சிய சிறுநீரகத் திறனைக் காப்பதற்கு அரசு பெரிதாகச் செலவிட வேண்டியதில்லை. மருத்துவர் சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலி நிவாரண மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வதே அதன் முதல் படி.

அவையில் எழ வேண்டிய வினாக்கள்: தேசிய டயாலிசிஸ் திட்டம் பெரும்பாலும் அரசு, தனியார் கூட்டு முறையில் நடைபெறுகிறது. மாவட்ட மருத்துவமனையில் இடமும் மின்சாரமும் தண்ணீரும் அரசு தருகிறது. கருவிகளையும் பணியாளர்களையும் ஒப்பந்த நிறுவனம் தருகிறது. செய்யப்படும் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் இவ்வளவு என்று தொகை வழங்கப்படுகிறது. எண்ணிக்கைக்கே பணம் என்ற இந்த ஏற்பாட்டில் எண்ணிக்கை துல்லியமாகப் பதிவாவதில் வியப்பில்லை. வீட்டு டயாலிசிஸுக்கும் இதே வழக்கம் தொடர்ந்தால், விநியோகிக்கப்பட்ட பைகளின் எண்ணிக்கை மட்டுமே அரசின் கோப்புகளில் மிஞ்சும்.

பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்க முடியும் என்பதை மாநிலங்கள் காட்டியுள்ளன. தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டு டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் பைகளை வழங்குவதும் ஓர் அங்கம். பையோடு வீடு தேடிச் செல்லும் பணியாளர், நோயாளியின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்து, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை திரவ மாதிரியையும் பெற்று வந்தால், விநியோகத்துக்காக ஏற்படுத்தப்பட்ட அதே பாதை கண்காணிப்புக்கும் பயன்படும்.

இத்திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. கணக்குக் கேட்கும் கடமையும் உண்டு. அடுத்த முறை இப்பொருள் அவைக்கு வரும்போது, எத்தனை பேருக்குப் பை வழங்கப்பட்டது என்பதோடு வேறு சில வினாக்களையும் உறுப்பினர்கள் கேட்கலாம். பை பெறுவோரில் எத்தனை பேருக்குக் கடந்த நான்கு மாதங்களில் போதுமை பரிசோதனை செய்யப்பட்டது? போதாது என்று தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு நான்காவது பை வழங்கப்பட்டது? சவ்வின் வேகத்துக்கேற்ப எத்தனை பேரின் அட்டவணை மாற்றி எழுதப்பட்டது? பெரிடோனியத் தொற்றால் எத்தனை பேர் இச்சிகிச்சையைக் கைவிட்டனர்?

நாட்டின் தலைவர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்க்க எய்ம்ஸ் மருத்துவர்கள் இருந்தனர். மாநிலத் தலைநகரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தொலைவில், பின்னிரவில் எழுந்து கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கணவருக்கோ தாய்க்கோ பை மாற்றும் குடும்பத்துக்கு அப்படி யாரும் இல்லை. அவர்கள் மாற்றும் பை போதுமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, அந்தப் பையைத் தரும் அரசுக்கே உண்டு.